ரெண்டு குன்றிமணி மருந்து

முதலியார்பேட்டையில் "மருந்து" என்று சொன்னால் பாதிப் பேருக்கு மாத்திரை ஞாபகம் வரும், மீதிப் பேருக்குத் தீபாவளி ஞாபகம் வரும். கடலூர் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், மில் சங்கு காதில் விழும் தூரத்தில் இருந்த அந்த வீட்டில் மட்டும் மூன்றாவதாக ஒரு அர்த்தம் உண்டு. தாத்தா சொல்தா. அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த வார்த்தையை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்லி வைப்பது நல்லது.

1954 நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரி இந்தியாவோடு நடைமுறையில் இணைந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல்தான் நடந்தது. விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. தாத்தா அப்படி வைத்துக்கொண்டவர். முதலில் இந்தோசீனா, பிறகு அல்ஜீரியா. பீரங்கிப் படையில் இருந்ததால் வலது காது கேட்காது. இந்த ரெண்டைப் பற்றியும் யார் கேட்டாலும் "அது கெடக்குது உடு" என்பதுதான் பதில்.

பேரன் அந்தக் குடியுரிமையின் வழியாகப் பிரான்சில் படிக்கப் போய், தெற்கே துலோன் நகரத்தில் வேலையில் சேர்ந்தவன். சனிக்கிழமைகளில் துப்பாக்கி சுடும் கிளப்புக்குப் போவான். போட்டிக்கெல்லாம் இல்லை. இருபத்தைந்து மீட்டர் தள்ளி ஒரு காகித வட்டம், அதில் ஓட்டை போட வேண்டும், அவ்வளவுதான். சிலருக்கு கேரம் போர்டு, சிலருக்குத் தூண்டில், அவனுக்கு இது. அங்கே கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள கிளப் உறுப்பினர் அட்டை, அரசு அலுவலக அனுமதி, வீட்டில் இரும்புப் பெட்டி எல்லாம் வேண்டும். அதையெல்லாம் முடித்து 38 ஸ்பெஷல் ரிவால்வர் ஒன்றை வாங்கியிருந்தான்.

அவன் 2009 டிசம்பரில் லீவுக்கு ஊருக்கு வந்தபோது நடந்தது இது. நடந்தது என்றால் பெரிய சம்பவம் ஒன்றுமில்லை. ஒரு வீட்டுத் திண்ணைப் பேச்சு. ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்பு துலோனில் நடந்ததைச் சொல்லாமல் இது புரியாது.

கடையில் தோட்டா விலை அதிகம். அடிக்கடி சுடுகிறவர்கள் சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, வீட்டில் தாங்களே மறுபடியும் நிரப்பிக்கொள்வார்கள். பிரான்சில் கிளப் உரிமம் உள்ளவர்களுக்கு அது சட்டப்படி சரி. வேலை என்னவோ சின்னதுதான். கூட்டைச் சுத்தம் செய்து அளவுக்குக் கொண்டுவர வேண்டும், அடியில் புதுக் கேப்பு (நம்மூர் பொட்டு வெடியின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம்) பொருத்த வேண்டும், மருந்து போட வேண்டும், மேலே ஈயக் குண்டை உட்கார வைத்து வாயை இறுக்க வேண்டும். மேஜையில் பிடித்து முடுக்கிய ஒரு கை அச்சு, ஒரு தராசு, ஐம்பது ஓட்டை போட்ட ஒரு மரக்கட்டை. இவ்வளவுதான் தொழிற்சாலை.

இதில் எந்த மருந்து என்பதுதான் கேள்வி. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். கடைக்காரரிடம் கேட்டால் ஒன்று சொல்வார், கிளப்பில் பத்துப் பேரைக் கேட்டால் பன்னிரண்டு பதில் வரும் :-)

கொஞ்சம் அடிப்படை. துப்பாக்கி மருந்து கூட்டுக்குள் "வெடிக்கிறது" என்று நினைக்கிறோம். உண்மையில் எரிகிறது. மிக வேகமாக எரிந்து வாயுவாகிறது, அந்த வாயு குண்டைத் தள்ளுகிறது. எவ்வளவு வேகமாக எரிய வேண்டும் என்பது குழலின் நீளத்தையும் குண்டின் எடையையும் பொறுத்தது. ரைபிளின் குழல் நீளம், குண்டு போய்க்கொண்டிருக்கும்போது பின்னாலேயே நிதானமாகத் தள்ளிக்கொண்டு வர நேரம் இருக்கிறது. கைத்துப்பாக்கிக் குழல் ஒரு சாண் கூட இருக்காது. அதற்குள் எரிந்து முடிக்கவில்லை என்றால் மிச்சம் வெளியே வந்து பந்தம் மாதிரி எரியும், பக்கத்தில் நிற்கிறவர் முறைப்பார். ஆகவே கைத்துப்பாக்கிக்கு வேகமான மருந்து. அதே வேகமான மருந்தை ரைபிள் கூட்டில் ரைபிள் அளவுக்குப் போட்டால் குழல் தாங்காது. மருந்து ஒன்றுதானே, கறுப்பாகத்தானே இருக்கிறது என்று மாற்றிப் போட்டவர்களின் துப்பாக்கிகளைக் கிளப் சுவர்களில் பாடமாக மாட்டி வைப்பது உண்டு.

வேகத்தை எப்படி மாற்றுகிறார்கள்? மணியின் வடிவத்தால். தட்டைச் செதில், குட்டிக் குழாய், உருண்டை என்று விதவிதமாக வரும். விறகை அப்படியே போட்டால் மெதுவாக எரியும், சிராய் சிராயாகக் கிழித்துப் போட்டால் சட்டென்று பிடிக்கும் இல்லையா, அதே கணக்கு. மேல்பூச்சும் உண்டு.

சரி, இந்த மருந்து எதில் செய்தது? பருத்தியில்! பருத்திக் கொட்டையில் ஒட்டியிருக்கும் குட்டை இழையை எடுத்து அமிலத்தில் ஊற வைத்தால் அது வேறு ஒரு பொருளாகிவிடுகிறது. பார்க்க அதே பஞ்சு, ஆனால் நெருப்பு பட்டால் புகையே இல்லாமல் பொசுக்கென்று காணாமல் போகும். 1846-இல் ஷோன்பைன் என்ற வேதியியல் பேராசிரியர் இதை வெளியே சொன்னார். கட்டுக்கடங்காமல் எரிகிற அந்தப் பஞ்சைப் பிசைந்து, தகடாக்கி, வெட்டி, துப்பாக்கிக்கு ஏற்ற மாதிரி அடக்கியவர் பால் வியேய் என்ற பிரெஞ்சுக்காரர். வருஷம் 1884. அதற்குப் பெயர் "பூத்ர் பே". 1886-இல் வந்த லெபெல் துப்பாக்கி அதற்காகவே செய்யப்பட்டது. அதுவரை வெடியுப்பும் கரியும் கந்தகமும் கலந்த கரிமருந்துதான் உலகம் முழுக்க. ஒரு தடவை சுட்டால் எதிரே புகை மண்டலம், குழல் முழுக்கக் கரி. வியேயின் மருந்து வந்த பிறகு எல்லா நாடுகளும் அலறி அடித்துக்கொண்டு புகையில்லா மருந்துக்கு மாறின. பிரிட்டிஷ்காரர்கள் கார்டைட் செய்தார்கள். அதன் தொழிற்சாலை ஒன்றை 1904 வாக்கில் நீலகிரியில் குன்னூருக்குப் பக்கம் அருவங்காட்டில் வைத்தார்கள். ஊட்டி ரயிலில் போனவர்கள் அந்த ஸ்டேஷனைத் தாண்டியிருப்பீர்கள். 2021 முதல் மியூனிஷன்ஸ் இந்தியா என்ற அரசு நிறுவனத்தின் கீழ் அந்தத் தொழிற்சாலை இருக்கிறது.

பருத்தி மில் சங்கை வைத்து நேரம் பார்த்த தெருவில் பிறந்தவன், பருத்தியில் செய்த மருந்தைத் தராசில் நிறுத்திக்கொண்டிருக்கிறான். இது அவனுக்கே ரொம்ப நாள் தெரியாது.

மறுபடியும் துலோன். அவன் முதலில் தேர்ந்தெடுத்தது வேகமான மருந்து. பிரெஞ்சு வெக்டான் வரிசையில் பா 10 என்று ஒன்று. அந்த வரிசையில் எண் கூடக் கூட வேகம் கூடும். பிரித்தானி பகுதியில் பொன்-தெ-புய் என்ற ஊரில் தயாராகிறது, அந்த ஊரில் 1688 முதல் வெடிமருந்து ஆலை உண்டு. வேகமான மருந்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அவன் சொன்ன காரணம் ரொம்ப நியாயமானது. கொஞ்சமாகப் போட்டால் போதும். ஒரு டப்பா வாங்கினால் ஆயிரக்கணக்கில் நிரப்பலாம். குறைந்த வேகக் குண்டுக்குச் சுத்தமாக எரிகிறது, கை அதிர்வதில்லை, காகிதத்தில் ஓட்டைகள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் விழுகின்றன. மாணவனாக இருந்து சம்பாதிக்க ஆரம்பித்தவன், காசு கணக்குப் பார்க்கத்தான் செய்வான்.

அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு தெரியுமா? ரெண்டு குன்றிமணி எடை. அதாவது கால் கிராம் பக்கம். ஆசாரி தங்கம் நிறுக்கிற கணக்கு.

இங்கேதான் 38 ஸ்பெஷல் என்ற தோட்டாவின் ஒரு விசித்திரத்தைச் சொல்ல வேண்டும். அது 1898-இல் பிறந்தது, முதலில் கரிமருந்துக்காக. கரிமருந்து நிறைய வேண்டும், ஆகவே கூடு நீளம், மூன்று சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பிறகு புகையில்லா மருந்து வந்தது, கூடு மட்டும் அப்படியே இருந்துவிட்டது. பெரிய அண்டாவில் ஒரு ஆளுக்குச் சோறு வடித்த மாதிரி, வேகமான மருந்தைப் போட்டால் கால்வாசி கூட நிரம்பாது. (அமெரிக்காவில் இன்றும் புகழ்பெற்ற புல்ஸ்ஐ என்ற வேகமான கைத்துப்பாக்கி மருந்தும் அதே 1898 தான். முதலியார்பேட்டை ரோடியர் மில், அதாவது ஏ.எஃப்.டி.யும் 1898 தான். இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்காதீர்கள், ஒன்றுமில்லை.)

கால்வாசி நிரம்பாத கூட்டில் இரண்டாவது தடவை மருந்து விழுந்தால்? அரைவாசி கூட நிரம்பாது. மேலே இருந்து பார்த்தால் இருட்டுக் கிணற்றில் தண்ணீர் பார்க்கிற மாதிரி. எல்லாமே ஒன்று போலத்தான் தெரியும். ஆனால் உள்ளே உண்டாகிற அழுத்தம் இரண்டு மடங்கில் நிற்காது, அதைவிட வேகமாக ஏறும். ரிவால்வரின் உருளை பிளந்து மேல்பட்டை தூக்கிக்கொண்டு போகும். பிடித்திருக்கிற விரல்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா?

நவம்பர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. ஐம்பது கூடுகளும் மரக்கட்டையில் நிற்கின்றன. ஒவ்வொன்றாக மருந்து போட்டுக்கொண்டு வருகிறான். போன் அடித்தது. ஊரில் இருந்து தாத்தா.

விஷயம் பென்ஷன் காகிதம். பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிறவர்கள் உயிரோடு இருக்கிறோம் என்று சான்றிதழ் கொடுக்க வேண்டும். அந்த வருஷத்துப் படிவத்தில் ஏதோ ஒரு கட்டம் புரியவில்லை. ஒரு காது கேட்காதவரோடு வெளிநாட்டு லைனில் பிரெஞ்சுப் படிவத்தைப் பேசி நிரப்புவது எவ்வளவு நேரம் ஆகும் என்பதை வாசிப்பவர்களின் கற்பனைக்கே விட்டுவிடலாம். இருபது நிமிஷம் கத்தி முடித்து, சிரித்துக்கொண்டே மேஜைக்குத் திரும்பினான். விட்ட இடம் எது? இதுதான் என்று தோன்றியது. தொடர்ந்தான். குண்டுகளை வைத்து வாயை இறுக்கிப் பெட்டியில் அடுக்கிவிட்டுத் தூங்கப் போனான்.

மறுநாள் கிளப்பில் முதல் ஆறு சரியாகப் போயின. இரண்டாவது சுற்றில் மூன்றாவது. "டமார்" வர வேண்டிய இடத்தில் "டப்". கை அதிரவில்லை. காகிதத்தில் ஓட்டையும் இல்லை. அடுத்த விசையை இழுக்க விரல் ஏற்கனவே பாதி வழி போய்விட்டது. பழக்க தோஷம், விரலுக்கு யோசனை கிடையாது. பக்கத்துத் தடத்தில் இருந்த கிழவர் ஒருவர் உரக்கக் கத்தினார். நிறுத்தினான்.

உருளையைத் திறந்து, குழல் முனையில் இருந்து ஒரு பித்தளைக் கம்பியை விட்டுப் பார்த்தார்கள். முழுதாகப் போகவில்லை. குண்டு குழலுக்குள்ளேயே சிக்கிக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டில் மருந்தே இல்லை. கேப்பு மட்டும் வெடித்து, அதன் பலத்தில் குண்டு நாலு விரல் அளவு நகர்ந்து நின்றுவிட்டது. அடுத்ததைச் சுட்டிருந்தால் அது இதன் முதுகில் மோதியிருக்கும்.

கிழவர் முதுகில் தட்டிவிட்டுக் கேட்ட கேள்விதான் அவனை அன்றைக்கு முழுக்கத் தின்றது. இதில் போடாத மருந்து எங்கே போயிற்று?

மீதி நாற்பத்தொன்றையும் வீட்டுக்கு எடுத்து வந்தான். தோட்டாவைப் பிரிக்க ஒரு பிளாஸ்டிக் சுத்தியல் உண்டு. உள்ளே தோட்டாவைச் சொருகி மரத்தின் மேல் ஓங்கித் தட்டினால் குண்டும் மருந்தும் கழன்று வந்துவிடும். ஒவ்வொன்றாகத் தட்டி, மருந்தைத் தராசில் போட்டு, எழுதி, அடுத்தது. ராத்திரி பதினொன்று ஆகிவிட்டது, கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டிக் கேட்டுவிட்டுப் போனார். இருபத்தேழாவதில் தராசு நான்கு குன்றிமணி காட்டியது.

அவன் போட்ட அளவு சரி. பட்டியலில் தயாரிப்பாளர் கொடுத்த எல்லைக்குள்தான் இருந்தது. தராசும் சரி. ஒரு கூட்டைத் தாண்டிவிட்டு, வேறொன்றில் இரண்டு முறை போட்டிருக்கிறான், அவ்வளவுதான். தாத்தா உயிரோடு இருக்கிறார் என்று காகிதம் எழுதிய இருபது நிமிஷத்தில் நடந்தது.

டிசம்பரில் ஊருக்கு வந்தவன் இதை யாரிடமும் சொல்கிற எண்ணத்தில் இல்லை. அந்த வீட்டில் துப்பாக்கி என்ற பேச்சே அவ்வளவாக எடுக்கக் கூடாது. தாத்தாவின் அப்பா மில் தொழிலாளி. 1936 ஜூலை 30-ஆம் தேதி எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசின் காவல் படை சுட்டதில் 12 பேர் செத்தார்கள். தாத்தாவுக்கு அப்போது ரெண்டு வயசு. அதே அரசாங்கத்தின் சட்டையைப் பிற்பாடு போட்டுக்கொண்டு போனவர், அதே அரசாங்கத்தின் பென்ஷனில் வீட்டைக் கட்டியவர். இதை அவர் எப்படி மனசுக்குள் வைத்திருந்தார் என்று யாரும் கேட்டதில்லை. ஜூலை 30 அன்று மாலை போட ஊர்வலம் போகும்போது மட்டும் திண்ணையில் எழுந்து நிற்பார்.

ஆனாலும் பேச்சு வந்துவிட்டது. ஆயா திண்ணையில் உட்கார்ந்து இட்லிக்கு அரிசி அளந்துகொண்டிருந்தாள். உழக்கால் முகந்து, "லாபம்... ரெண்டு... மூணு..." என்று பாட்டாகச் சொல்லி. ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று தொடங்குவது நம் பக்கத்துப் பழக்கம். பேரன் நடுவில் காபி கேட்டான். ஆயா அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முறத்தில் இருந்த அரிசி எல்லாவற்றையும் மறுபடி தவலையில் கொட்டி, "லாபம்" என்று ஆரம்பித்தாள்.

"ஏன் ஆயா, மூணுதானே ஆச்சு? நாலுன்னு போட வேண்டியதுதானே?"

"உங்கூட பேசினப்பறம் அது மூணா நாலான்னு எனக்கு இன்னா தெரியும்? சந்தேகம் வந்துச்சின்னா கொட்டிட்டு மொதல்லேர்ந்து."

அதற்கு மேல் அவனால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. மொத்தத்தையும் சொன்னான். போன் யாருடையது என்பதை மட்டும் விட்டுவிட்டான். "ஒரு போன் வந்துச்சு" என்று நிறுத்திக்கொண்டான்.

தாத்தா நல்ல காதை இந்தப் பக்கம் திருப்பி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தவனுக்கு ஆச்சரியம். அவர் கேட்டது மருந்தைப் பற்றி. என்ன மருந்து, எவ்வளவு, கூட்டில் எவ்வளவு உயரம் நிற்கும். பேரன் விரலால் காட்டினான். தாத்தா முகம் சுளித்தார்.

"காசு மிச்சம்னு இத்த வாங்கினியா?"

"சுத்தமாவும் எரியும் தாத்தா."

"கண்ணுக்குத் தெரியாத மருந்து எதுக்குடா உனக்கு? போர்ல இருக்கறவன் வேற. நீ சனிக்கெழமைல காயிதத்த சுடறவன்."

இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும் எழுத வேண்டியதாயிற்று. மருந்தைத் தேர்ந்தெடுப்பது பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் வேகம், விலை, புகை, குறி என்று போய்க்கொண்டே இருப்பார்கள். எல்லாம் முக்கியம்தான். ஆனால் சும்மா பொழுதுபோக்குக்குச் சுடுகிறவன் முதலில் கேட்க வேண்டியது, நான் தப்பு செய்தால் இந்த மருந்து எனக்குக் காட்டிக் கொடுக்குமா என்பது. அப்படிப் பார்த்தால் "கொஞ்சம் போட்டால் போதும்" என்பது வசதி இல்லை, குறை. கூட்டை நிறைய அடைத்துக்கொள்கிற, பொசபொசவென்ற மருந்துதான் நல்லது. அமெரிக்காவில் ஹாட்ஜ்டன் கம்பெனி 2000-களில் ட்ரெயில் பாஸ் என்று ஒன்று கொண்டு வந்தது. ஒவ்வொரு மணியும் மெதுவடை மாதிரி நடுவில் ஓட்டையோடு இருக்கும். பழைய காலத்து நீளக் கூடுகளில் இடத்தை அடைப்பதற்கென்றே செய்தது.

பேரன் துலோனுக்குத் திரும்பியதும் மாறிக்கொண்டது அவ்வளவு பெரிய வடைக்கு இல்லை. தட்டைச் செதிலாக, கொஞ்சம் மெதுவான, எடை குறைந்து இடம் அதிகம் பிடிக்கிற ஒரு மருந்துக்கு. ஒரு தடவை போட்டால் பாதிக் கூடு வரை வரும். இரண்டு தடவை போட்டால் கழுத்தில் வந்து நிற்கும், குண்டை உட்கார வைக்கவே இடம் இருக்காது. அரைக் குருடனுக்கும் தெரியும்.

இதில் நஷ்டமே இல்லை என்று சொன்னால் பொய். செதில்கள் அளக்கும் கருவியில் மணல் மாதிரி வழுக்கி விழாது, மாட்டிக்கொள்ளும், அளவு கொஞ்சம் முன்னே பின்னே வரும். அதனால் பத்துக்கு ஒன்றைத் தராசில் சரி பார்க்க வேண்டும். குறைந்த அளவில் முழுசாக எரியாமல் மஞ்சளாய்த் துகள் மிஞ்சும், துடைக்கிற வேலை அதிகம். டப்பா சீக்கிரம் காலியாகும். கிளப்பில் ஒருத்தர் இதையெல்லாம் சொல்லிப் பழையதற்கே வரச் சொன்னார். போகவில்லை.

போன் அடித்தால் எடுப்பதில்லை, எடுத்தால் கட்டையில் இருப்பது அத்தனையும் கொட்டிவிட்டு லாபத்தில் இருந்து. ஐம்பதும் முடிந்ததும் குண்டு வைக்கும் முன் டார்ச் அடித்து வரிசை வரிசையாகப் பார்ப்பது. மேஜை மேல் ஒரே ஒரு மருந்து டப்பா. மிச்சத்தை அதே டப்பாவில் திருப்பி ஊற்றிவிட வேண்டும், பெயர் எழுதாத பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. அளவு எப்போதும் தயாரிப்பாளர் பட்டியலில் இருந்து, அதிலும் கீழ் எல்லையில் இருந்து. கிளப்பில் யாரோ சொன்னது, எங்கேயோ படித்தது எதையும் நம்புவதில்லை.

இன்னொன்றும் கற்றுக்கொண்டான், அது அவன் இருந்த ஊரே சொல்லிக் கொடுத்தது. மருந்து வயசாகும். வியேயின் மருந்துக்கு முதலில் அந்த வியாதி மோசமாக இருந்தது. பஞ்சில் ஏறிய அமிலத்தின் மிச்சம் உள்ளுக்குள்ளேயே மெல்லச் சிதைந்து சூடாகும். 1907 மார்ச் 12-இல் துலோன் துறைமுகத்தில் இயேனா என்ற போர்க்கப்பல் வெடித்துச் சுமார் 120 பேர் செத்தார்கள். நாலு வருஷம் கழித்து, 1911 செப்டம்பர் 25-இல் அதே துறைமுகத்தில் லிபெர்த்தே என்ற கப்பல். ஏறத்தாழ 300 பேர். எதிரி யாரும் சுடவில்லை. கப்பலில் அடுக்கி வைத்திருந்த சொந்த மருந்தே கெட்டுப்போய்த் தானாகப் பற்றிக்கொண்டது என்பதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. பிற்பாடு அமிலத்தை உறிஞ்சிக்கொள்ளும் நிலைப்படுத்திகளைச் சேர்க்கும் முறை சீரானது, இன்றைய டப்பாக்கள் குளிர்ந்த உலர்ந்த இடத்தில் பல வருஷம் தாங்கும். ஆனால் திறக்கும்போது புளித்த நெடி அடித்தாலோ, செம்புகை கண்டாலோ, துருப்பொடி மாதிரி நிறம் மாறியிருந்தாலோ அதை உபயோகிக்கக் கூடாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று யாரோ விட்டுப்போன பழைய டப்பாவை வாங்குகிறவர்கள் லிபெர்த்தே கதையை ஒரு தடவை படித்துவிடுவது நல்லது.

ஊரில் இருந்தவரை அவனுடைய சின்ன மாமா பையன் ஒருத்தன், "அந்த மிஷின இங்க எடுத்துனு வாயேன் மச்சான், மொட்டமாடில வெச்சுக்கலாம்" என்று நச்சரித்தான். வாய்ப்பே இல்லை. 1959-ஆம் வருஷத்து இந்திய ஆயுதச் சட்டத்தில் "தோட்டா, வெடிபொருள்" என்பதற்கான விளக்கத்தைப் படித்தால் தெரியும். தோட்டா மட்டும் இல்லை, அதன் பாகங்களும், அதைத் தயாரிக்கும் இயந்திரமும் கூட அந்த விளக்கத்துக்குள் வருகின்றன. துலோனில் சாப்பாட்டு மேஜையில் முடுக்கி வைத்திருக்கிற அந்த அச்சு, முதலியார்பேட்டை மாடிக்கு உரிமம் இல்லாமல் வந்தால் அதுவே ஒரு குற்றம். பையனுக்கு ரொம்ப ஏமாற்றம். தாத்தாவுக்கு இந்தச் சட்டம் பிடித்திருந்தது.

கிளம்புகிற அன்றைக்கு வாசலில் ஆட்டோ நிற்கிறது. தாத்தா பேரனின் வலது கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துவிட்டு விட்டார். எதுவும் சொல்லவில்லை. படிவம் நிரப்பிய தேதியும் பேரன் சொன்ன வெள்ளிக்கிழமையும் ஒன்று என்று அவர் எப்போது கணக்குப் போட்டார் என்பது யாருக்கும் தெரியாது. ஏ.எஃப்.டி. மில் 2020-இல் இழுத்து மூடப்பட்டதற்கு முன்னாலேயே தாத்தா போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் அந்த டிசம்பருக்குப் பிறகு, இருந்த வரைக்கும், துலோனுக்குப் போன் போட்டால் அவர் ஹலோ சொன்னதில்லை. முதல் கேள்வியே ஒன்றுதான்.

"அளந்துனு கீறியா? அப்ப வெச்சிடறேன். முடிச்சிட்டு நீயே போடு."